ஸ்டோன்வாலுக்கு முன்பே வெள்ளை மாளிகை வாசலில் நின்றவர்கள் யார்? ஏன் வேலை உரிமையை முதலில் கேட்டார்கள்?

கதிர்_திருச்சி கேட்டது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி, தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராட்டம் என்றாலே எல்லோரும் 1969 ஜூன், நியூயார்க், ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் ரெய்டு, அதை எதிர்த்து வெடித்த கலவரம் என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். ஆனால் போன வாரம் 1965-இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. கோட்டும் டையும் போட்ட ஆண்கள், கவுன் அணிந்த பெண்கள், கையில் தட்டிகளோடு வரிசையாக நடக்கிறார்கள். ஒருவருடைய பாலியல் விருப்பத்துக்கும் மத்திய அரசு வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு தட்டியில் எழுதியிருக்கிறது. ஏதோ வங்கி ஊழியர்கள் ஊர்வலம் போல இருந்தது, அவ்வளவு ஒழுங்கு.

இவர்கள் யார்? போலீஸ் அடி, கைது, மனநல மருத்துவமனையில் பிடித்துப் போடுவது என்று எத்தனையோ கொடுமைகள் நடந்த காலத்தில் ஏன் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள்? அந்த உடை எதற்கு?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். என்னைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது, கல்யாணம் எப்போது என்று கேட்டால் ஜாதகம் அமையவில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறேன். எங்கள் பிரிவிலேயே இருந்த ஒருவரைப் பற்றி விஷயம் வெளியே தெரிந்ததும், கொஞ்ச நாளில் பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய அப்ரைசலில் டீமிலேயே அவருக்குத்தான் நல்ல ரேட்டிங்.


அருள்மொழி:

கதிர், அந்தக் கூட்டத்தைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் காமெனி. அவருக்கு நடந்ததைச் சொன்னாலே ஏன் வேலை என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

1925-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போர்முனையில் நின்று சண்டை போட்டவர். 1956-இல் ஹார்வர்டில் வானியலில் டாக்டர் பட்டம் வாங்கி, 1957-இல் ராணுவ வரைபடத் துறையில் வானியலாளராகச் சேர்ந்தார். அந்த அக்டோபரில்தான் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. விண்வெளி தெரிந்த ஆள் எங்கே எங்கே என்று அமெரிக்கா தேடிக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட நேரத்தில் இவரை உட்காரவைத்து, நீங்கள் ஓர் ஓரினச் சேர்க்கையாளர் என்று மத்திய அரசு வேலைகளைக் கவனிக்கும் சிவில் சர்வீஸ் கமிஷனுக்குத் தகவல் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். என் சொந்த வாழ்க்கை அரசாங்கத்துக்கு எதற்கு, அதற்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவர் நிலை. அந்த வருஷம் முடிவதற்குள் வேலை போய்விட்டது. 1958 ஜனவரியில், இனி எந்த மத்திய அரசு வேலைக்கும் இவர் தகுதியில்லை என்ற தடையும் சேர்ந்து வந்தது.

இவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல இது. 1950 பிப்ரவரியிலேயே, பாதுகாப்புக்கு ஆபத்தானவர்கள் என்று சொல்லி அனுப்பியவர்களில் 91 பேர் தன்பாலீர்ப்பாளர்கள் என்று வெளியுறவுத் துறை செனட் குழு முன்னால் சொல்லிவிட்டது. 1953 ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் 10450 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். குடிப்பழக்கம், போதைப் பழக்கம் இவற்றோடு பாலியல் வக்கிரம் என்ற சொல்லையும் வேலைநீக்கக் காரணங்களில் எழுதிவைத்தது அந்த ஆணை. அப்புறம் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். பெரும்பாலானவர்கள் வழக்குக்கே போகவில்லை. எப்படிப் போவார்கள்? வழக்குப் போட்டால் பெயர் பத்திரிகையில் வரும், வீட்டுக்குத் தெரியும், அடுத்த வேலையும் கிடைக்காது. விசாரணை அறையிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் ஊரை விட்டுப் போனவர்கள் ஏராளம்.

காமெனி போகவில்லை. மேல்முறையீடுமேல் மேல்முறையீடாகப் போட்டார். இதற்கிடையில் வருமானம் கிடையாது. 1959-இல் பல மாதங்கள் ஒரு நாளைக்கு 20 சென்ட் சாப்பாட்டில் காலம் தள்ளியிருக்கிறார், ஹார்வர்ட் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றபிறகு அவருடைய வக்கீல் விலகிக்கொள்ள, உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே உட்கார்ந்து எழுதினார். கெஞ்சல் தொனி அதில் துளியும் கிடையாது. இனம் பார்த்து, மதம் பார்த்து ஒதுக்குவது எவ்வளவு கேவலமோ அவ்வளவு கேவலம் இதுவும், நல்ல மனிதர்களின் மூக்கில் ஏறுகிற துர்நாற்றம் இந்தக் கொள்கை என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே எழுதினார். 1961 மார்ச்சில் மனுவை விசாரிக்கவே மறுத்துவிட்டார்கள்.

ஒற்றை ஆளாக நின்று பயனில்லை என்று அதே வருஷம் நவம்பரில் ஜாக் நிக்கல்ஸோடு சேர்ந்து வாஷிங்டன் மேட்டசீன் சொசைட்டியைத் தொடங்கினார். மேட்டசீன் என்ற பெயரில் 1950-இலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி ஹே தொடங்கிய அமைப்பு ஒன்று உண்டு. ஆனால் வாஷிங்டன்காரர்களின் நிலைமை வேறு. அந்த ஊரில் முதலாளியே அரசாங்கம்தான். உங்களைத் துரத்துவதும் அரசாங்கம்தான். ஏன் வேலை என்பதற்கு என் பதில் இதுதான்: வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் சொந்தப் பெயரில் வெளியே வர முடியாது, வெளியே வர ஆளில்லாவிட்டால் போலீஸ் அடியை எதிர்க்கவும் ஆளிருக்காது. முதலில் வெட்ட வேண்டிய முடிச்சு அதுதான் என்று அவர் பார்த்தார்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமை. எதுவும் பேசாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே, வக்கீலைப் பிடி, திருப்பிப் போராடு.


செல்வி_ரா:

அருள்மொழி அண்ணா அழகாகச் சொல்லிவிட்டார். படத்தைப் பற்றியும் அதிலிருந்த பெண்களைப் பற்றியும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்லும்போது பெண்கள் எப்போதும் ஓரத்தில் போய்விடுகிறார்கள்.

வெள்ளை மாளிகை முன்னால் முதலில் நின்றது 1965 ஏப்ரல் 17, சனிக்கிழமை. மொத்தம் பத்துப் பேர். ஏழு ஆண்கள், மூன்று பெண்கள். கியூபாவில் தன்பாலீர்ப்பாளர்களைத் தொழில் முகாம்களில் அடைக்கப்போகிறார்கள் என்று பத்திரிகைச் செய்தி வர, அங்கே அப்படியென்றால் இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று ஜாக் நிக்கல்ஸ்தான் உடனே தெருவில் இறங்க வேண்டும் என்று நின்றார். அதே நாளில் வாஷிங்டனில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் பெரிய பேரணி நடத்தியதால் இந்தப் பத்துப் பேரைப் பத்திரிகைகள் கண்டுகொள்ளவே இல்லை. ஆனாலும் விடவில்லை. மே 29 மறுபடி வெள்ளை மாளிகை, ஜூன் 26 சிவில் சர்வீஸ் கமிஷன் அலுவலகம், ஜூலை 4 சுதந்திர தினத்தன்று பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபம், ஜூலை 31 ராணுவத் தலைமையகமான பென்டகன், ஆகஸ்ட் 28 வெளியுறவுத் துறை, அக்டோபர் 23 மூன்றாவது தடவையாக வெள்ளை மாளிகை. யார் யார் தங்களை வேலையை விட்டுத் துரத்தினார்களோ அவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றார்கள், பிலடெல்பியா ஒன்றுதான் விதிவிலக்கு.

முதல் நாள் நின்ற மூன்று பெண்களில் ஒருவர் லில்லி வின்சென்ஸ். ராணுவத்தின் பெண்கள் பிரிவில் இருந்தவர், லெஸ்பியன் என்று தெரிந்ததும் 1963-இல் வெளியேற்றப்பட்டவர். இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று வந்தவர் என்று சொல்லலாம்.

அப்புறம் எர்னஸ்டைன் எக்ஸ்டீன். அக்டோபர் படங்களில் கண்ணாடியும் கையில் தட்டியுமாக ஒரு கறுப்பினப் பெண் தெரிவார், அவர்தான். தட்டியைப் பாருங்கள். சமவாய்ப்பை மறுப்பது ஒழுக்கக்கேடு என்று அதில் இருக்கும். ஒழுக்கக்கேடு என்று சொல்லித்தானே இவர்களை வேலையை விட்டு எடுத்தார்கள், அந்தச் சொல்லை எடுத்து அரசாங்கத்தின்மேலேயே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்டீன் கல்லூரி நாட்களிலேயே கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யில் இருந்தவர். நியூயார்க்கில் சமூகப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டே வந்து நின்றார். எக்ஸ்டீன் என்பது இயக்கத்துக்காக வைத்துக்கொண்ட பெயர். நிறத்துக்காக ஒரு அடி, பெண் என்பதற்காக ஒரு அடி, இதற்காக ஒரு அடி. அதற்கப்புறமும் கேமரா முன்னால் முகத்தை மறைக்காமல் நடந்திருக்கிறார். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் ரொம்பப் பிடித்தவர் அவர்தான்.

பார்பரா கிட்டிங்ஸைச் சொல்லாமல் விடக்கூடாது. டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ் என்ற லெஸ்பியன் அமைப்பின் பத்திரிகைக்கு 1963-இலிருந்து 1966 வரை ஆசிரியர். ஆர்ப்பாட்டம் நடத்துவது அந்த அமைப்பின் தலைமைக்கே பிடிக்கவில்லை, இவர் போய் நின்றார். அவருடைய துணைவி கே லாகுசென் எடுத்த படங்களால்தான் இன்றைக்கு நாம் அந்த முகங்களைப் பார்க்கிறோம்.

உடை விஷயம். அது காமெனியின் கண்டிப்பான விதி. ஆண்களுக்குக் கோட்டு, டை. பெண்களுக்குக் கவுன். தட்டியில் என்ன எழுதுவது என்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும். வேலை கேட்டு நிற்கிறோம், பார்க்கிறவன் இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.


முகிலன்:

அந்தக் கணக்கில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, செல்வி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் தைரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை.

கோட்டுப் போட்டுக்கொண்டு, பெண் பெண்ணாகவும் ஆண் ஆணாகவும் தெரிந்தால்தான் வேலைக்குத் தகுதி என்று நாமே ஒத்துக்கொண்டால், அப்படித் தெரியாதவர்கள் கதி என்ன? பேச்சிலும் நடையிலும் வெளியே தெரிந்துவிடுகிறவர்களுக்கு மறைக்கிற வசதியே கிடையாது. வேலை அவர்களுக்குக் கைக்கு வந்து பறிபோகவில்லை, வாசலிலேயே மறுக்கப்பட்டது. 1966 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவில் காம்ப்டன்ஸ் உணவகத்தில் போலீஸை எதிர்த்துத் திருப்பி அடித்தது திருநங்கைகள். அவர்களுக்குக் கோட்டு எங்கே, டை எங்கே?

பிலடெல்பியாவில் வருஷா வருஷம் ஜூலை 4 நடந்ததே, அதன் கடைசி நிகழ்ச்சி 1969-இல், ஸ்டோன்வால் நடந்த அடுத்த வாரம். இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தார்கள். காமெனி போய்க் கையைப் பிரித்துவிட்டார். கிரெய்க் ராட்வெல் என்ற நியூயார்க் இளைஞர் கொதித்துப்போனார். இனி இந்த விதியெல்லாம் வேண்டாம் என்று அவர் எடுத்த முயற்சியில்தான் 1970 ஜூன் 28 கிறிஸ்டோபர் தெரு ஊர்வலம் வந்தது, இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் பிரைடு ஊர்வலங்களின் தாய் அது.

வேலை உரிமையிலேயே இன்னொன்று. வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபாடு கூடாது என்று நியூயார்க் நகர சபையில் 1971-இல் மசோதா வந்தது. அதற்குத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவர்களில் திருநங்கை சில்வியா ரிவேரா ஒருவர். 1986-இல் அது ஒருவழியாக நிறைவேறியபோது அவரைப் போன்றவர்களுக்கு அதில் இடமில்லை. பாலின அடையாளத்தைச் சேர்க்க 2002 ஆயிற்று. மரியாதையானவர்கள் முன்னால் போகட்டும், மற்றவர்கள் அப்புறம் வரட்டும் என்றால் அந்த அப்புறம் இப்படித்தான் இழுக்கும்.


ராகவி_சட்டம்:

முகிலன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்றதோடு நீதிமன்றத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரசாங்கம் கடைசியில் தோற்றது அங்கேதான். நான் சட்டம் படிக்கிறேன், இந்த வழக்குகளை ஆசையாக உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

முதலில் புரூஸ் ஸ்காட் வழக்கு. தொழிலாளர் துறையில் பல வருஷம் வேலை பார்த்து 1956-இல் வெளியேற்றப்பட்டவர். 1962-இல் மறுபடி விண்ணப்பித்தார். தேர்வில் தேறினார், ஆனால் ஒழுக்கக்கேடு என்று சொல்லித் தகுதியிழக்கச் செய்தார்கள். 1965 ஜூன் 16 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒழுக்கக்கேடு என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, என்ன நடத்தை, அது அந்த வேலையை எப்படிப் பாதிக்கும் என்று சொல் என்றது. நீதிபதி டேவிட் பேஸ்லான். செல்வி குறிப்பிட்ட கமிஷன் ஆர்ப்பாட்டம் நடந்தது இதற்குப் பத்தாவது நாள்.

அந்த ஆர்ப்பாட்டத்துக்கு அப்புறம் கமிஷன் அவர்களோடு உட்கார்ந்து பேசச் சம்மதித்தது. 1966 பிப்ரவரியில் கமிஷன் தலைவர் ஜான் மேசி எழுத்தில் பதில் கொடுத்தார். அந்தக் கடிதத்தை எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். இப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தால் மற்ற ஊழியர்களுக்கு அருவருப்பு வரும், நம்மை ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயம் வரும், பொதுக் கழிப்பறையில் சிக்கல் வரும், அரசு அலுவலகத்துக்கு வரும் பொதுமக்கள் மனம் கோணுவார்கள். இவ்வளவுதான் காரணம். வேலையில் குறை என்று ஒரு வரி கிடையாது! எல்லாம் பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன தோன்றும் என்பதுதான். பக்கத்தில் உட்கார மாட்டேன், அவன் தொட்ட டம்ளரைத் தொட மாட்டேன் என்று நம் ஊரில் யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெறுப்பவனுடைய வெறுப்பையே வெறுக்கப்படுபவனுக்கு எதிரான சாட்சியாக வைப்பது எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அந்த வாதத்தை உடைத்தது நார்ட்டன் வழக்கு. கிளிஃபர்ட் நார்ட்டன் நாசாவில் பட்ஜெட் ஆய்வாளர். 1963 அக்டோபரில் ஒரு ராத்திரி, வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் சதுக்கத்திலிருந்து காரில் போனவரைப் போலீஸின் ஒழுக்கப் பிரிவு பின்தொடர்ந்து பிடித்தது. நாசாவின் பாதுகாப்பு அதிகாரியை அர்த்தராத்திரியில் போன் போட்டு வரவழைத்தார்கள். அவர் ஒளிந்திருந்து விசாரணையைக் கேட்டுவிட்டு, நார்ட்டனை நாசா கட்டடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் விடியும்வரை குடைந்தார். நார்ட்டன் தான் தன்பாலீர்ப்பாளர் என்பதையே மறுத்தார். வேலை போனது. அவருடைய மேலதிகாரிக்கு அவரை விட மனமில்லை, நல்ல வேலைக்காரர், ஏதாவது வழி இருக்கிறதா என்று பணியாளர் பிரிவில் கேட்டிருக்கிறார். இப்படிப்பட்ட விஷயத்தில் நீக்குவதுதான் வழக்கம் என்று பதில் வந்தது.

1969 ஜூலை 1 தீர்ப்பு. அதே பேஸ்லான். ஊழியரின் நடத்தைக்கும் அலுவலக வேலையின் திறனுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும், தர்மசங்கடமாக இருக்கிறது என்பது காரணமாகாது, பெரும்பான்மையினரின் ஒழுக்க விதியை ஊழியர்களின் சொந்த வாழ்க்கையில் திணிப்பது அரசு அலுவலகத்தின் வேலையல்ல என்று எழுதினார். ஸ்டோன்வால் கலவரம் தொடங்கிய ஜூன் 28-க்கு மூன்று நாள் கழித்து! அங்கே தெரு, இங்கே கோர்ட்டு, இரண்டும் ஒரே வாரத்தில்.

அதன் பிறகும் கமிஷன் இழுத்தடித்தது. 1973-இல் கலிபோர்னியாவில் இன்னொரு வழக்கிலும் தோற்றபிறகு சுற்றறிக்கை வந்தது. 1975 ஜூலை 3 அன்று புதிய விதிகள். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக மட்டும் மத்திய அரசுப் பணியில் ஒருவரைத் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது என்று ஆனது. ராணுவமும் உளவுத் துறைகளும் அதில் வராது, அவை தனிக் கதை.


அருள்மொழி:

முகிலன், கையைப் பிரித்துவிட்ட சம்பவத்தை நான் நியாயப்படுத்தமாட்டேன். அது தப்பு. ஆனால் காமெனியை வெறும் கோட்டு டை ஆளாகச் சுருக்கிவிட வேண்டாம். தன்பாலீர்ப்பை நோய் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, சக இயக்கத்தவர்களே அதை ஒத்துக்கொண்டு பரிதாபம் தேடிய காலத்தில், நோய் என்று நிரூபிக்கும்வரை நாங்கள் ஆரோக்கியமானவர்கள்தான் என்று நின்றவர் அவர். 1968-இல் கே என்பது நல்லது, அதாவது தன்பாலீர்ப்பாளராக இருப்பது நல்லது என்ற முழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். தங்கள் சங்கத்தின் செய்திமடலை எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கே தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எஃப்.பி.ஐ. கேட்டும் எடுக்கவில்லை. அடங்கிப்போகிற மனிதர் செய்கிற காரியமா இது?

உடை விதி அவருடைய குறை, சரி. ஆனால் என் வேலையில் என்ன குறை, காட்டு என்ற கேள்வியை அரசாங்கத்தின் மேல் திருப்பியது அவர். ராகவி சொன்ன தீர்ப்புகளில் நீதிபதி கேட்டதும் அதே கேள்விதான். கோட்டுப் போடாதவருக்கும் அந்தக் கேள்வி பயன்படும்.


கதிர்_திருச்சி:

எல்லோருக்கும் நன்றி, எக்ஸ்டீன் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, இவர்களை எதிரி நாட்டு உளவாளிகள் மிரட்டி ரகசியம் வாங்கிவிடுவார்கள், அதனால்தான் எடுத்தோம் என்று அரசாங்கம் சொன்னதாகப் படித்தேன். அதில் ஏதாவது உண்மை இருந்ததா? இரண்டு, நம் நாட்டில் இன்றைக்கு என்ன நிலைமை? தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு போனதோடு வேலைக்கும் பாதுகாப்பு வந்துவிட்டதா?


செல்வி_ரா:

முதல் கேள்விக்கு நான். 1950-இல் செனட் ஒரு குழு போட்டு இதை விசாரித்தது. ஆபத்து ஆபத்து என்று அறிக்கை முழுக்க எழுதியவர்கள், மிரட்டலுக்குப் பணிந்து நாட்டைக் காட்டிக்கொடுத்த அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர் ஒருவரைக்கூடக் காட்டவில்லை. அவர்கள் எடுத்துப்போட்ட உதாரணம் ரஷ்யாவுக்கு உளவு சொன்ன ஆஸ்திரிய ராணுவத்தின் கர்னல் ரெட்ல். அவர் இறந்தது 1913-இல், முதல் உலகப் போருக்கும் முன்னால்!

மிரட்டுகிறவனுக்கு ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெளியே தெரிந்தால் வேலை போகும், அதனால்தான் மிரட்ட முடிகிறது. வேலை போகாது என்று விதியை மாற்றிவிட்டால் மிரட்ட ஒன்றுமே இல்லை. காமெனியும் இதைத்தான் சொல்லிச்சொல்லி வாதாடினார். செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி விஷயத்தில் அமெரிக்க அரசு அதை ஒத்துக்கொள்ள 1995 வரை ஆனது, கிளிண்டன் ஆணை மூலம்.


ராகவி_சட்டம்:

இரண்டாவது கேள்வி. இல்லை கதிர், வரவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, சம்மதத்தோடு நடக்கும் உறவைக் குற்றம் என்று சொல்வதை நீக்கியது. பாலினப் பாகுபாடு கூடாது என்பதில் பாலீர்ப்பும் அடங்கும் என்ற வாதத்துக்கு அதில் இடம் இருக்கிறது, ஆகவே அரசு வேலை என்றால் அரசியல் சாசனத்தை வைத்து ரிட் போடலாம். தனியார் நிறுவனம் பாலீர்ப்புக்காக ஒருவரை நீக்கக்கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. 2019 திருநர் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் அது திருநர்களுக்கு மட்டும்.

நமக்கும் ஒரு காமெனி வழக்கு உண்டு, அதை நினைத்தால் மனம் பதறுகிறது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ். 2010 பிப்ரவரியில் அவர் வீட்டுக்குள் கேமராவோடு புகுந்து படம் பிடித்தார்கள். பல்கலைக்கழகம், புகுந்தவர்களை விட்டுவிட்டு அவரை சஸ்பெண்ட் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று அதை நிறுத்திவைத்தது. ஒரு வாரத்துக்குள் அவர் தன் அறையில் இறந்து கிடந்தார். தனக்குச் சாதகமாக வந்த உத்தரவோடு திரும்பிப் போய்ப் பாடம் நடத்த அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உங்கள் நண்பர் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். பழைய அப்ரைசல் காகிதங்கள், பாராட்டி வந்த மெயில்கள், நீக்கிய கடிதம், தேதிகள் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முழு செட்டில்மென்ட் என்று எதிலும் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். நல்ல ரேட்டிங் கொடுத்த கையோடு நீக்கியிருந்தால் சொன்ன காரணம் பொய் என்று காட்ட வாய்ப்பு இருக்கிறது, அவருடைய பதவியைப் பொறுத்துத் தொழிலாளர் சட்டத்தில் வழி இருக்கலாம். தனியாக மெசேஜ் போடுங்கள், இதில் அனுபவமுள்ள வக்கீல் ஒருவரைக் கேட்டுச் சொல்கிறேன்.


முகிலன்:

அமெரிக்காவில் மட்டும் தனியார் வேலைக்குச் சீக்கிரம் பாதுகாப்பு வந்ததா என்ன? அருள்மொழி, அதையும் சொல்லிவிடுங்கள். காமெனிக்கு வேலை திரும்பக் கிடைத்ததா?


அருள்மொழி:

கிடைக்கவில்லை. வானியல் வேலைக்கு அவர் திரும்பவே இல்லை. 1957-இல் நீக்கியதற்கு 2009 ஜூனில்தான் மன்னிப்பு வந்தது. சிவில் சர்வீஸ் கமிஷனின் வாரிசான பணியாளர் அலுவலகத்தின் இயக்குநர் ஜான் பெர்ரி அரசாங்கத்தின் சார்பில் நேரில் மன்னிப்புக் கேட்டார். அந்த பெர்ரியே வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட தன்பாலீர்ப்பாளர். மன்னிப்பை ஏற்கிறேன் என்றார் காமெனி. அப்போது அவருக்கு வயது 84. 2011 அக்டோபரில் இறந்தார். அவருடைய காகிதங்கள் இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, 1965-இல் பிடித்த தட்டிகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்.

தனியார் வேலைக்கு நாடு முழுவதற்குமான பாதுகாப்பு 2020 ஜூன் 15-இல்தான் வந்தது, அதுவும் புதுச் சட்டத்தால் அல்ல. 1964 குடிமை உரிமைகள் சட்டம் பாலினம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்று சொல்கிறதே, தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவோ திருநர் என்பதற்காகவோ நீக்குவது அதற்குள்ளேயே வரும் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. ஜார்ஜியாவில் மாவட்ட ஊழியராக இருந்த ஜெரால்ட் போஸ்டாக், பாராசூட் பயிற்சியாளர் டொனால்ட் ஜார்டா, சவ அடக்க நிறுவனத்தில் வேலை பார்த்த திருநங்கை ஏமி ஸ்டீபன்ஸ் என்று மூன்று பேரின் வழக்குகள். மூவரில் போஸ்டாக் மட்டுமே தீர்ப்பைக் கேட்க உயிரோடு இருந்தார்.

முகிலன், நீங்கள் 2002 வரை இழுத்தது என்று சொன்னீர்களே, இந்தத் தீர்ப்பில் இரு தரப்பையும் பிரிக்காமல் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர் கோர்சச், பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி. முதல் சில பக்கங்கள் சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும், நேரம் கிடைக்கும்போது படித்துப் பாருங்கள். புரியாத இடத்தை இங்கேயே கேட்டால் ராகவியும் நானும் விளக்குகிறோம்.